நான்தான் போகச் சொன்னேன்

சிகொந்தெலே மிஷன் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுச் சுவரில் வேலைப் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் ஐந்து நர்சுகளின் பெயர்கள் உண்டு. மாவட்ட அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் அதைத்தான் படிப்பார்கள், படித்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். அந்த ஐவரில் ஒருத்தி மான்செஸ்டரில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி தலைநகர் லிலொங்வேயில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, காரில் ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புகிறாள். மூன்றாமவள் மேற்படிப்புக்குப் போய் இரண்டு வருடம் ஆயிற்று. நான்காமவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். மிச்சம் இருப்பவள் எஸ்நாத் காச்சாலே. பிரசவ வார்டு மருத்துவச்சி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் போனவள்தான் என்பதால், அந்த வார்டும் எஸ்நாத்தின் தலையில்தான் விடிந்தது.

எஸ்நாத்துக்கு நாற்பத்தேழு வயது. குள்ளமான, கனத்த உடம்பு. நடை வேகம், வாய் அதைவிட வேகம். கணவர் பள்ளிக்கூட வாத்தியார், ஆறு வருடத்துக்கு முன் மூளைக் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் பிளாண்டையர் நகரத்தில் கல்யாணமாகி இருக்கிறாள். "நீங்க ஏன் சிஸ்டர் வெளிநாடு போகல?" என்று கேட்பவர்கள், ஏதோ தியாகக் கதை வரப்போகிறது என்று முகத்தை முன்கூட்டியே இளக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவளும் ஒருமுறை விண்ணப்பித்தாள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஞானஸ்நானச் சீட்டில் ஒன்று, நர்சிங் சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைத் திருத்த மூன்று முறை லிலொங்வேக்கு பஸ் ஏறினாள். மூன்றாவது முறை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஆள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவன், சாயங்காலம் வரை வரவில்லை. "போடா, நீயும் உன் மான்செஸ்டரும்" என்று அந்த மூடிய ஜன்னலைத் திட்டிவிட்டு ஊர் திரும்பினாள். அவ்வளவுதான் கதை.

மழைக்காலம் வந்துவிட்டால் மலேரியாவும் வந்துவிடும். பிப்ரவரியில் முப்பத்திரண்டு கட்டிலில் எண்பது குழந்தைகள் கிடக்கும். ஒரு கட்டிலில் இரண்டு, கட்டிலுக்கு அடியில் பாயில் ஒன்று. ஒரு மனுஷி எப்படிச் சமாளிப்பாள்? சமாளித்ததெல்லாம் தாய்மார்கள்தான். எங்கள் பக்கத்தில் நோயாளி ஆஸ்பத்திரிக்குத் தனியாக வருவதில்லை. துணைக்கு ஒருத்தி வருவாள். அவளோடு பானை, சோள மாவு, பாய், விறகு எல்லாம் வரும். வார்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் அடுப்பு மூட்டிக் களி கிண்டுவாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் அள்ளுவது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. சட்டப்படி அதோடு நின்றுகொள்ள வேண்டும். ஊசி, மருந்து, டிரிப் எதையும் துணையாட்கள் தொடக்கூடாது என்று பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது. அதை எழுதியவர்கள் யாரும் எண்பது குழந்தைகளை ஒற்றை ஆளாகப் பார்த்தவர்கள் இல்லை. எஸ்நாத் தாய்மார்களுக்கு டிரிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு முன் இருந்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

அந்த வருடம் குழந்தைகளுக்கான சின்ன ரத்தப் பைகள் நான்கு மாதமாக வரவில்லை. பெரியவர்களுக்கான பையையே குழந்தைக்கும் மாட்ட வேண்டியிருந்தது. பையில் பாதிக்கும் குறைவுதான் குழந்தைக்குத் தேவை. அதற்கு மேல் போனால் சின்ன இருதயம் தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் எஸ்நாத் பையின் மேல், நிறுத்த வேண்டிய இடத்தில், வெள்ளை பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்டிவிடுவாள்.

அந்த செவ்வாய்க்கிழமை காலையில் யமிகானி என்ற இரண்டு வயதுப் பையனுக்கு ரத்தம் ஏற்றினாள். மலேரியாவில் ரத்தம் வற்றி, உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அவன் அம்மாவுக்கு இருபத்துநாலு வயதிருக்கும். வார்டில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, படுத்திருக்கும் பிள்ளையின் பெயர்தான் தாய்க்கும். ஆகவே அவள் யமிகானி அம்மா.

"இந்தா பாரு, பிளாஸ்திரி தெரியுதா? ரத்தம் இது வரைக்கும் இறங்கின உடனே குழாயில இருக்கற இந்தச் சக்கரத்தை உருட்டி மூடிடணும். மூடிட்டு என்னைக் கூப்பிடு. எங்க, செஞ்சு காட்டு."

அவள் செய்து காட்டினாள்.

"அடடே, என்னைவிட வேகமா மூடறியே! நாளையிலேர்ந்து என் சீருடையை நீயே போட்டுக்க."

"போட்டுக்கறேன் சிஸ்டர். நீங்க வந்து எனக்குப் பதிலா களி கிண்டுங்க. புகையில ரெண்டு நாள் நின்னா உங்க உடம்பும் கொஞ்சம் இளைக்கும்."

பக்கத்துக் கட்டில் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவள் தொகோ அம்மா. ஏரிக்கரைக்காரி, மீனவன் பெண்டாட்டி. ஐந்து நாளாக அவளும் யமிகானி அம்மாவும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். இவளிடம் மாவு, அவளிடம் கருவாடு.

பையன் கையை மடக்கிக்கொண்டே தூங்கினான். மடக்கினால் ரத்தம் சொட்டுவது நின்று நின்று வந்தது. எஸ்நாத் சக்கரத்தைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டாள்.

பத்து மணிக்குத் தொகோ இறந்துபோனான். நான்கு வயது. வலிப்பு வந்தது, மூச்சு நின்றது. எஸ்நாத் அவன் முகத்தில் காற்றுப் பையை வைத்து அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்துப் பார்த்தாள். பிறகு அழுத்துவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டினாள். தொகோ அம்மா தரையில் விழுந்து அலறத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துத் துப்புரவு வேலை செய்யும் லோவெனெஸ் வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க. பிரசவ வார்டுல காலு முன்னாடி வருது. அந்தப் பொண்ணு கத்துது."

எஸ்நாத் டிரிப் ஓடிக்கொண்டிருந்த கட்டில்களை ஒரு தரம் பார்த்தாள். யமிகானி அம்மாவின் தோளைப் பிடித்து, "நீ நகராதே. இவனை விட்டு நகராதே" என்றாள். அவளும் தலையாட்டினாள். எஸ்நாத் ஓடினாள்.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நிமிஷம் அது தோன்றாமல் போனதை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் பிணம் எடுத்தால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வார்டில் ஒரு குழந்தை இறந்தால், துணைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு எழுந்து, தோத்திரம் பாடிக்கொண்டே பிணவறை வரை போவார்கள். உடலை உள்ளே கிடத்திய பிறகுதான் திரும்புவார்கள். போகாதவள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டக்கூட ஆள் வராது. அதுவும் ஐந்து நாள் ஒரே அடுப்பில் சாப்பிட்டவளின் பிள்ளை என்றால்?

யமிகானி அம்மா ஒரு நிமிஷம் தயங்கித்தான் நின்றாள். "ஏண்டி, உனக்கு இவ யாரோவா?" என்று ஒரு பெரியவள் கேட்டாள். யமிகானி தூங்கிக்கொண்டிருந்தான். ரத்தம் பிளாஸ்திரிக்கு வெகு மேலே இருந்தது. பிணவறைக்குப் போய்வரப் பத்து நிமிஷம்தான். அவள் போனாள். மற்ற தாய்மார்களும் போனார்கள். எண்பது குழந்தைகளும் தனியாகக் கிடந்தன.

பிணவறைச் சாவி ஃபோஸ்டினோவிடம் இருந்தது. ஃபோஸ்டினோதான் பிணவறைக் காவல், ஃபோஸ்டினோதான் ஆம்புலன்ஸ் டிரைவர். ரத்தப் பைகள் வாங்கிவர அவன் சலிமா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். உடலை வெளியில் வைத்துவிட்டு வருவது எப்படி? பெண்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருமணி நேரம் பாடினார்கள். யமிகானி அம்மா இரண்டு முறை எழுந்ததாகவும், தொகோ அம்மா அவள் மடியில் தலைவைத்துக் கிடந்ததால் மறுபடி உட்கார்ந்ததாகவும் மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள்.

பிரசவ வார்டில் எஸ்நாத் தாயையும் பிழைக்க வைத்தாள், பிள்ளையையும் பிழைக்க வைத்தாள். அதை எந்த அறிக்கையிலும் யாரும் எழுதவில்லை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் குழந்தைகள் வார்டுக்குத் திரும்பினால், அங்கே பெரியவர்கள் ஒருவரும் இல்லை. தூக்கத்தில் யமிகானி கையை நீட்டிவிட்டிருந்தான். பை காலியாகி ஒட்டிப்போயிருந்தது. பையன் வாயில் நுரை, மூச்சில் கொரகொரவென்று நீர்ச் சத்தம். அவள் ஊசி போட்டாள், ஆக்சிஜன் வைத்தாள், நிமிர்த்தி உட்கார வைத்துத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். "யமி, யமி, போகாதடா" என்று கெஞ்சினாள். கால்மணி நேரத்தில் அவள் நெஞ்சின் மேலேயே அவன் போய்ச் சேர்ந்தான்.

பெண்கள் இன்னும் மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் வந்தவள் யமிகானி அம்மா. அவள் பையைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், எஸ்நாத்தின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் அவளுடைய தாய்மாமன் கலிஸ்டோ சைக்கிளில் வந்தார். எங்கள் பக்கம் பிள்ளையின் அப்பனைவிடத் தாய்மாமன் சொல்லுக்குத்தான் எடை. கல்யாணத்துக்கும் அவர்தான் பொறுப்பு, சாவுக்குக் காரணம் கேட்கவும் அவருக்குத்தான் உரிமை. புருஷன் எல்லை தாண்டி ஜோனியில் சுரங்க வேலையில் இருந்தான். கலிஸ்டோ அவனைப் போனில் பிடித்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டு, வார்டு முற்றத்தில் நின்றார். புருஷன் வீட்டார் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

"பிள்ளை கூட யார் இருந்தது?" என்று போனிலிருந்து புருஷன் கேட்டான். "நான் கேக்கறேன், எம் புள்ள சாகும்போது இவ எங்க போயிருந்தா?"

புருஷனின் அக்காதான், "ஊரான் புள்ளைக்கு அழப் போயிருந்தாளாம்" என்றாள்.

கலிஸ்டோ மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் முகத்தில் அந்த நிமிஷம் ஈரம் இல்லை. "வாயைத் திற. யார் கிட்ட சொல்லிட்டுப் போன?"

அந்தப் பெண் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எஸ்நாத்துக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவள் பெண்டாட்டி என்ற பேரையும் இழப்பாள், தாய் என்ற பேரையும் இழப்பாள். பிள்ளையைக் கொன்றவள் என்று ஒரு பேர் மட்டும் சாகும்வரை கூடவே வரும். இவள் செய்தது என்ன? நானாக இருந்தாலும் போயிருப்பேனே என்று எஸ்நாத் நினைத்தாள். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றாள். "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வான்னு சொன்னேன். அப்புறம் பிரசவ வார்டுக்குப் போனவ மறந்துட்டேன். தப்பு என்னுது."

யமிகானி அம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். கலிஸ்டோ எஸ்நாத்தின் காலடியில் காறித் துப்பினார். "சம்பளம் வாங்கிக்கிட்டுப் பிள்ளையைக் கொல்றியா?" என்றார். மறுநாளே மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போயிற்று.

மேட்ரன் சிப்வாய்லா, ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர், அவளைத் தனியாகக் கூப்பிட்டு மண்டையில் அடித்துக்கொண்டார்.

"உனக்குப் பைத்தியமா எஸ்நாத்? எதுக்கு இப்படி ஒரு பொய்யைச் சொன்ன?"

"பின்ன உண்மையைச் சொல்லி அந்தப் பொண்ணைக் குழிக்குள்ள தள்ளவா?"

"உண்மையைச் சொன்னா என்ன? ரெண்டு வார்டுக்கு ஒருத்தி, அதனாலதான் ஒரு தாய் கையில ரத்தத்தைக் குடுத்துட்டு ஓடினேன்னு சொல்லு. நானும் கூட வந்து சொல்றேன். இவங்க காதுல அது ஒரு தடவையாவது விழட்டும். நீ உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினா, அவங்க உன்னைத் தூக்கிட்டு ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் அந்த எண்பது பிள்ளைங்களை யார் பாப்பா? நானா? என் முட்டியைப் பாத்தியா?"

மேட்ரன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எஸ்நாத் இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டே இருந்தாள். விசாரணைக்குப் போகும் வழியிலும் நினைத்தாள். உண்மையைச் சொன்னால் ஆள் பற்றாக்குறை அறிக்கையில் ஏறும். கூடவே யமிகானி அம்மா பெயரும் ஏறும், கலிஸ்டோவும் புருஷன் வீட்டாரும் எதிரிலேயே உட்கார்ந்து கேட்பார்கள். அவள் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் நின்று, முற்றத்தில் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

"வார்டில் போதிய பணியாளர்கள் இருந்தார்களா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். பட்டியலை அவரே பார்த்துக்கொண்டார். "ஐந்து பேர். சரி." எழுதிக்கொண்டார்.

ஏழு மாதம் இடைநீக்கம். அறிக்கை ஒரே பக்கம்தான். தனிப்பட்ட நர்சின் கவனக்குறைவு என்று முடித்திருந்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க மேட்ரன் வீங்கிய முட்டியோடு வார்டில் நின்றார். முடியாத நாட்களில் வார்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை நாற்பது மைல் தள்ளி சலிமாவுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் இருந்தால் ஆம்புலன்ஸ், இல்லாவிட்டால் சைக்கிள் டாக்ஸி. வழியில் எத்தனை பிள்ளைகள் போயின என்று எழுதி வைக்க ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகளும் தன் கணக்கில்தான் சேரும் என்று எஸ்நாத் நினைத்தாள். வீட்டுப் பின்புறம் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டே நினைப்பாள். ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு வார்டையே கைவிட்டோமோ என்று இன்றைக்கும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

செப்டம்பரில் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தண்டனையாக வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. மாற்றினால் இங்கே போட ஆள் இல்லை என்பதால் அதே வார்டுக்கே மாற்றினார்கள். எங்கள் நாட்டில் தண்டனை கொடுக்கவும் ஆள் எண்ணிக்கை வேண்டும். அவள் போய்ப் பார்த்தபோது சுவரில் அதே பட்டியல், அதே ஐந்து பெயர்கள். இடைநீக்கத்தில் இருந்தபோதும் அவள் பெயரை யாரும் அடிக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கலிஸ்டோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் யமிகானி அம்மா, மடியில் ஐந்து வயது மூத்த மகள் தடாலா. வார்டு வழக்கப்படி அவள் பெயர் இப்போது தடாலா அம்மா ஆயிற்று. பிள்ளையின் கண் இமைக்குள் சிவப்பே இல்லை. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. எஸ்நாத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வேற சிஸ்டர் இல்லையா?" என்று லோவெனெஸைக் கேட்டாள்.

"எங்க இருக்காங்க? இவங்க ஒருத்தர்தான்."

"மாமா, வேணாம். சலிமாவுக்குப் போயிடலாம்."

"இவ கையில இன்னொரு பிள்ளையைக் குடுக்க நாங்க என்ன முட்டாளா?" என்று கலிஸ்டோ சைக்கிளைத் திருப்பினார். ஆம்புலன்ஸ் அன்றைக்கு இல்லை. நாற்பது மைல், மழை, சேறு. அந்தப் பிள்ளை பத்து மைல் தாங்காது என்று எஸ்நாத்துக்குத் தெரிந்தது. குறுக்கே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"ரெண்டே நிமிஷம். உள்ள வா, உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்."

"பேசிட்டு வா, சீக்கிரம்" என்றார் கலிஸ்டோ. மழையில் நிற்பது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மருந்து அறைக் கதவைச் சாத்தினாள் எஸ்நாத். ஒரு வருடமாகக் காத்த பொய்யை உடைக்கத்தான் கூட்டிவந்தாள். உன்னை நான் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொன்னேன், என் கையில் உன் பிள்ளைக்குக் கெடுதல் வராது, நம்பு என்று சொல்லிவிட நினைத்தாள். பிள்ளை உயிருக்கு முன்னால் மற்றதெல்லாம் என்ன?

"தாயி, அன்னிக்கு நான்..."

"சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண். "நகராதேன்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. நான் மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?"

எஸ்நாத் சாத்திய கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கே நீங்க உள்ளதைச் சொல்லியிருந்தா என்னை அடிச்சிருப்பாங்க, துரத்தியிருப்பாங்க. நானும் அழுது தீர்த்திருப்பேன். நீங்க எடுத்துக்கிட்டீங்க. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? ஊரே உங்களைத் திட்டுது, நானும் திட்டினேன். எல்லாரையும்விட சத்தமாத் திட்டினேன். திட்டத் திட்ட, நீங்கதான் அனுப்பினீங்கன்னு எனக்கே நிஜமாத் தோணும். அப்புறம் படுத்தா அவன் கை நீட்டிக்கிட்டு இருக்கறது தெரியும்." அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "உங்க முகத்தைப் பார்த்து என்னால நிக்க முடியல சிஸ்டர். அதுக்குத்தான் வேற சிஸ்டர் இருக்காங்களான்னு கேட்டேன்."

"வேற ஒருத்தி இருந்தா நானே உன் கண்ணுல படாம ஒளிஞ்சிருப்பேன். இல்லையேம்மா." எஸ்நாத் முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள். "என்னைப் பார்க்காதே. திரும்பி உக்காந்துக்க. பிள்ளை கையை மட்டும் என்கிட்ட குடு."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். சத்தமில்லாமல் அழுததால் வெளியே மழையில் நின்ற யாருக்கும் கேட்கவில்லை.

கலிஸ்டோவிடம் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ தெரியாது. "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாரு. அவளை நம்பாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்படித்தான் பார்த்தாள். நான்கு நாள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றால்கூடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். இடையில் இரண்டு சாவு விழுந்தது. பெண்கள் எழுந்து போனார்கள், இவள் எழவில்லை. போகிறவர்கள் முணுமுணுத்ததையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தடாலா பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று எஸ்நாத் எழுதிக் கொடுத்தாள்.

கலிஸ்டோ கூட்டிப்போக வந்தார். வார்டில் எல்லாம் புது முகங்கள், அந்த வாரம் வந்த தாய்மார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டே அவர் நடு வார்டில் நின்று, அவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்றே உரக்கப் பேசினார்.

"எல்லாரும் உஷாரா இருங்க. போன வருஷம் எங்க பையன் இங்கதான் செத்தான். தாயைப் பிணத்தோட போகச் சொல்லிட்டு இந்த அம்மா பிள்ளையை மறந்துட்டா. ரத்தப் பை முழுசும் உள்ள இறங்கிடுச்சு." மருமகள் பக்கம் திரும்பினார். "இவதானே உன்னைப் போகச் சொன்னது?"

தடாலா அம்மா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இறுக்கி முடித்தாள். எஸ்நாத்தை அவள் பார்க்கவில்லை.

"ஆமா மாமா. இவங்கதான்."

அதைச் சொல்லாமல் அவளால் அந்த வீட்டில் வாழ முடியாது. எஸ்நாத்துக்கு அது தெரியும். தெரிந்தும் வலித்தது. பழகிப்போயிருக்கும் என்று நினைத்திருந்தாள், பழகவில்லை. "ஆமா, நான்தான் போகச் சொன்னேன்" என்று அவளும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர்கள் வெளியே போனார்கள்.

மூன்றாம் கட்டிலில் ஒரு கைக்குழந்தைக்கு அப்போதுதான் ரத்தம் மாட்டியிருந்தாள். இந்த வருடமும் பெரிய பைதான், குறுக்கே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிரசவ வார்டிலிருந்து லோவெனெஸ் ஓடிவந்தாள். "சிஸ்டர், தலை தெரியுது, வாங்க."

எஸ்நாத் அந்தக் குழந்தையின் அம்மாவைப் பார்த்தாள். "இந்தச் சக்கரத்தை எப்படி மூடணும்னு காட்டறேன், கொஞ்சம் பாத்துக்கறியா?"

அந்தப் பெண் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம் சிஸ்டர். ஏதாவது ஆச்சுன்னா?"

"வேற யாராவது?" என்று எஸ்நாத் வார்டைப் பார்த்துக் கேட்டாள். எழுபது எண்பது பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பாயைச் சுருட்டினாள், ஒருத்தி பிள்ளையின் தலையில் பேன் பார்க்கத் தொடங்கினாள். யாரும் நிமிரவில்லை. லோவெனெஸ் மறுபடியும் கூப்பிட்டாள்.